முகமும் வர்க்கமும்: திரைப்படத்தில் நடிகர் தெரிவு பற்றிய ஒரு நோக்கு

திரைப்படம் பற்றித் தமிழில் எழுதப்படும் விமர்சனங்களில் கதை, உரையாடல், இசை, ஒளிப்பதிவு என்பன ஓரளவு விரிவாகப் பேசப்படுகின்றன. நடிப்புப் பற்றியும் பேசப்படுகிறது. ஆயின் நடிப்புக்கு முந்திய தீர்மானம் ஒன்றுண்டு. இன்ன பாத்திரத்துக்கு இன்ன முகம் என்று எடுக்கப்படும் தீர்மானமே அது. கமரா இயங்கத் தொடங்குமுன்னரே எடுக்கப்பட்டுவிடும் இத்தீர்மானம், பாத்திரம் வாய்திறந்து ஒரு சொல்லேனும் பேசுமுன், அதனைப் பற்றிப் பலவற்றை நமக்குச் சொல்லிவிடுகிறது. இவள் எசமானி, இவள் வேலைக்காரி. இவன் காதலன், இவன் காதலனின் தோழன். இவன் படித்தவன், இவன் அடியாள் என்று கண நேரத்தில் நாம் கண்டுகொள்கிறோம். இவ்வாறு கண்டுகொள்ள எங்ஙனம் பழகினோம் என்பது ஆராய்தற்குரியது.

இதனை அழகு பற்றிய பிரச்சினையாகவே பலரும் கொள்வர். மக்கள் அழகிய முகங்களைக் காண விரும்புகின்றனர். தயாரிப்பாளர் அவ்விருப்பத்தை நிறைவுசெய்கின்றனர். இதில் ஆராய என்ன இருக்கிறது என்பர். இவ்வாதம் இரண்டு விடயங்களை மறைத்துவிடுகிறது. முதலாவது, அழகு எனப்படுவது எக்காலத்தும் ஒரேவிதமாக இருந்ததன்று. திரைப்படத்தின் தொழில்நுட்பமும் அதன் சந்தையும் மாறியபோது அதுவும் மாறியது. இரண்டாவது, வர்த்தக சினிமா முகத்தைத் தெரிந்தெடுக்கும்போது அழகோடு சேர்த்து வர்க்க அடையாளம் ஒன்றையும் தெரிந்தெடுக்கிறது. மாற்றுச் சினிமா எனவும் சுயாதீன சினிமா எனவும் வழங்கப்படுவது இவ்வடையாளத்தை எதிர்த்து எழுந்தது. எனினும் பல வேளைகளில் அது அவ்வடையாளத்தைத் தலைகீழாக்கியதேயன்றி அழித்துவிடவில்லை. இக்கருத்தைத் தமிழ்த் திரைப்படத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குரலின் காலமும் முகத்தின் காலமும்

நமது மரபுவழி அரங்கிலே நடிகனின் இயற்கையான தோற்றம் பாத்திரத்தைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணியாக இருக்கவில்லை. மட்டக்களப்பு வடமோடிக் கூத்திலே பகலெல்லாம் வயலில் நின்றவன் இரவிலே தருமனாகவோ வீமனாகவோ களரிக்கு வந்தான். உடுப்பும் முடியும் தாளமும் வரவுப் பாட்டும் அவனை அரசனாக்கின. பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்றனர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை மீளுருவாக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபோதும் ஆட்டமும் பாட்டுமே ஆற்றுகையின் உயிராக விளங்கின. இதனால் கூத்தரங்கு சமத்துவமான அரங்காக இருந்தது என்று கொள்ளலாகாது. யார் எப்பாத்திரம் ஏற்பது என்பதில் சாதியும் ஊர் மதிப்பும் தலையிட்டதுண்டு. ஆனால் அத்தலையீடு ஊரவர் அறிந்த சமூக உறவுகளினூடே நிகழ்ந்தது. மூக்கின் அமைப்பையோ தோலின் நிறத்தையோ அளந்து நிகழவில்லை.

தமிழ்ப் பேசும்படம் 1931இல் 'காளிதாஸ்' உடன் தொடங்கியபோது அது நாடக மேடையிலிருந்தே தன் நடிகரைப் பெற்றது. பேசும்படம் அன்று பாடும்படமாகவே இருந்தது. நடிப்பவரே பாடவேண்டியிருந்தமையால் குரல்வளமே முதல் தகுதியாயிற்று. இதற்குச் சிறந்த சான்று 1935இல் வெளிவந்த 'நந்தனார்'. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பண்ணையாளான நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள் என்ற பெண். அவருக்கு வேதியராக நடித்தவர் கர்நாடக இசை வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர். பால் வேறுபாடோ தோற்றப் பொருத்தமோ இங்கே தடையாகவில்லை. பார்வையாளர் முகத்திலே நந்தனாரைத் தேடவில்லை, குரலிலே கேட்டனர். எம். கே. தியாகராஜ பாகவதர், பி. யு. சின்னப்பா ஆகியோரின் புகழும் இவ்வடிப்படையிலேயே எழுந்தது.

பின்னணிப் பாடல் முறை நிலைபெற்றதும் இந்நிலை மாறிற்று. பாடும் குரலும் நடிக்கும் உடலும் பிரிந்தன. அடுத்துப் பின்னணிக் குரற்பதிவு பரவியதும் பேசும் குரலும் உடலிலிருந்து பிரிந்தது. தமிழ் அறியாத ஒருவர் உதட்டை அசைக்க, வேறொருவர் தமிழ் பேசலாம் என்றாயிற்று. 1995இல் வெளிவந்த 'பம்பாய்' இதனைத் தெளிவாகக் காட்டும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த முஸ்லிம் பெண்ணாக நேபாளத்தைச் சேர்ந்த மனிஷா கொய்ராலா தோன்றினார். அவருக்குக் குரல் கொடுத்தவர் ரோகிணி. ரோகிணி தாமே தேர்ந்த நடிகை என்பது இங்கு கவனத்திற்குரியது. தமிழ் பேசி நடிக்க வல்ல ஒரு நடிகையின் குரல் வேண்டப்பட்டது, முகம் வேண்டப்படவில்லை.

இவ்வாறு தொழில்நுட்பம், முகத்தை மொழியினின்றும் ஊரினின்றும் விடுவித்துத் தனியானதொரு பண்டமாக்கிற்று. பண்டமான பின் அதன் விலையை நிர்ணயிப்பது சந்தையே.

2. சந்தையும் சாயலும்

வர்த்தகத் திரைப்படம் பெரும் முதலீட்டை வேண்டுவது. தமிழ்த் திரைப்படத் தொழிலில் நெடுங்காலமாக விநியோகஸ்தர் முற்பணம் தந்தும் 'மினிமம் காரண்டி' எனப்படும் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை தந்தும் படங்களை வாங்கிவந்தனர். கதையைக் கேட்டன்று, நடிகரின் பெயரைக் கேட்டே பெரும்பாலும் பணம் புரண்டது. எனவே நட்சத்திரத்தின் முகம் கலைச்சாதனம் என்பதிலும் பார்க்கக் கடனுக்கான ஈடாகவே தொழிற்பட்டது எனலாம். ஏற்கெனவே விலைபோன முகத்தை ஒத்த முகமே மீண்டும் தேடப்படும். புதிய முகம் என விளம்பரப்படுத்தப்படுவதும் பெரும்பாலும் பழைய முகத்தின் சாயலே.

இவ்வுண்மையை வர்த்தக சினிமாவே ஒரு தடவை தன் கதைப்பொருளாக்கிற்று. கே. பாலசந்தர் எழுதி, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'சர்வர் சுந்தரம்' 1964இல் வெளிவந்தது. உணவகப் பரிசாரகனாகிய சுந்தரம் நகைச்சுவை நடிகனாகப் புகழ்பெறுகிறான்; ஆயினும் அவன் விரும்பிய பெண் அழகனான நண்பனையே விரும்புகிறாள். அம்மைத் தழும்பேறிய முகத்தை உடைய நாகேஷ் இப்பாத்திரத்தை ஏற்றார். உலகம் அவனைப் பார்த்துச் சிரிக்கும், அவனுக்காக அழவும் செய்யும், ஆனால் அவனைக் காதலனாக ஏற்காது என்பதே படத்தின் சாரம். பார்வையாளர் மனம் உருகினர். எனினும் உருக்கம் தொழிலின் விதியை மாற்றவில்லை. நாகேஷ் தமிழ்த் திரையின் ஒப்பற்ற நடிகருள் ஒருவராகத் திகழ்ந்தும் பெரும்பாலும் தோழனாகவும் கோமாளியாகவுமே பயன்படுத்தப்பட்டார்.

1990களின் பின் தமிழ்ப் படங்களைத் தெலுங்கிலும் இந்தியிலும் விற்கும் வாய்ப்புப் பெருகியபோது, எந்த ஊருக்கும் உரியதல்லாத ஒரு வெண்முகம் கதாநாயகிக்குரிய இலக்கணமாகவே ஆயிற்று. இதனைத் திரைப்படம் தனித்து உருவாக்கவில்லை. சருமத்தை வெளுப்பாக்கும் 'ஃபெயார் அண்ட் லவ்லி' களிம்பு இந்தியச் சந்தைக்கு வந்தது 1975இல். அதன் பெயர் மாற்றப்பட்டது 2020இல்தான். இந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் விளம்பரமும் திரைப்படமும் ஒன்றுக்கொன்று முகங்களை வழங்கி வந்தன. களிம்பை விற்ற முகம் கதாநாயகியாயிற்று. கதாநாயகியான முகம் களிம்பை விற்றது.

இதன் உச்சமாக 2007இல் வெளிவந்த 'சிவாஜி' படத்தைக் குறிப்பிடலாம். அதன் கதாநாயகியின் பெயர் தமிழ்ச்செல்வி. நடித்தவர் வடநாட்டு நடிகை ஷ்ரேயா சரண். நாயகனின் கருமை அவளுக்குத் தடையெனக் கூறப்பட, அவன் வெளுப்பாக முயல்வது நகைச்சுவையாக வளர்க்கப்படுகிறது; ஒரு பாடலில் ரஜினிகாந்தின் தோல் கணினியின் துணைகொண்டு வெள்ளையாக்கப்பட்டது. அதே படத்தில் கருமை பூசப்பட்ட இரண்டு பெண்கள் கண்டவர் அஞ்சியோடும் கேலிப்பொருளாக நிறுத்தப்படுகின்றனர். அவர்களுக்கு இடப்பட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. பாரியின் மகளிருக்கு மரபு வழங்கும் பெயர்கள் இவை. தந்தையை இழந்து பறம்பை விட்டு வெளியேறிய அம்மகளிரின் துயரை இலக்கிய வகுப்பில் கற்பவர்க்கு இந்நகைச்சுவை எத்தகையது என்பதை விளக்கவேண்டியதில்லை. தமிழ் என்னும் பெயர் வெண்முகத்துக்கும், தமிழ்த் தொன்மையின் பெயர்கள் கேலிக்கும் உரியனவாயின.

3. ஆணின் கருமை, பெண்ணின் வெண்மை

மேற்கூறியதற்கு எதிராக ஒரு நியாயம் எழுப்பப்படலாம். ரஜினிகாந்த் தாமே கரியவரல்லவா? விஜயகாந்த், முரளி, தனுஷ், விஜய் சேதுபதி எனக் கரிய நாயகர் வரிசை ஒன்று தமிழ்த் திரையில் இல்லையா? உண்டு. இந்திய மொழித் திரைப்படங்களிடையே இது தமிழுக்கு ஒரு சிறப்பு என்றும் கூறலாம். ஆனால் இவ்வரிசை எவ்வாறு உருவானது என்பதை நோக்குதல் வேண்டும்.

1978இல் மகேந்திரன் 'முள்ளும் மலரும்' படத்தின் காளி பாத்திரத்துக்கு ரஜினிகாந்தைத் தெரிந்தபோது, வில்லன் வேடங்களால் அறியப்பட்ட, கரிய நிறத்தவரான ஒருவரை நாயகனாக்கத் தயாரிப்பாளர் தயங்கினார் என்பதை மகேந்திரன் கூறியுள்ளார். நெறியாளர் விடாப்பிடியாக நின்றமையால் அத்தெரிவு நிறைவேறிற்று. காளி ஒரு தொழிலாளி. முன்கோபமும் தன்மானமும் உடையவன். கையை இழந்தும் வணங்காதவன். அவனுக்கு எதிராக நிற்கும் பொறியியலாளராகச் சரத்பாபு நடித்தார். கருமை உழைப்பாளிக்கு, வெண்மை அதிகாரிக்கு என்னும் பகுப்பு இங்கும் உண்டு. ஆனால் பார்வையாளரின் மனம் முதன்முறையாகக் கருமையின் பக்கம் நின்றது. இது பெரியதொரு மாற்றமே.

எனினும் அம்மாற்றம் பெண்ணுக்கு நீட்டிக்கப்படவில்லை. கரிய நாயகனுக்கு எதிரே வெண்ணிற நாயகி என்னும் சோடிப்பொருத்தம் பின்வந்த படங்களில் நிலைபெற்றது. தரமான படங்களும் இதற்கு விலக்கல்ல. 2011இல் வெற்றிமாறன் இயக்கிய 'ஆடுகளம்' மதுரையின் சேவற்சண்டை உலகை நுண்மையாகச் சித்திரித்து விருதுகள் பல பெற்றது. அதன் நாயகனின் பெயரே கருப்பு. அவன் விரும்பும் பெண் ஆங்கிலோ-இந்தியச் சமூகத்தவள். நடித்தவர் டாப்ஸி பன்னு. கதை அமைப்பில் இதற்கு நியாயம் உண்டு என்பது உண்மையே. ஆனால் படத்துக்குப் படம் இத்தகைய நியாயம் ஒன்று எவ்வாறோ கிடைத்துவிடுகிறது என்பதே இங்கு கருதத்தக்கது. ஆணின் கருமை அவன் உழைப்பின் அடையாளமாகக் கொள்ளப்பட்டு மதிப்புப் பெறுகிறது. பெண்ணின் வெண்மை அவ்வுழைப்பால் அவன் ஈட்டும் செல்வமாகிறது. சீதனச் சந்தையில் நிறம் ஒரு விலைக்கூறாக இருக்கும் சமூகத்தில் இச்சோடிப்பொருத்தம் தற்செயலானதன்று.

4. மாற்றுச் சினிமாவும் மாதிரி முகமும்

இனி வர்த்தக சினிமாவுக்கு வெளியே நிற்போரின் நடைமுறையை நோக்குவோம். நட்சத்திரத்தை விலக்கி, வாழ்வினின்று நேரே முகங்களை எடுப்பது என்பது உலகச் சினிமாவில் நீண்ட மரபுடையது. 1920களில் சோவியத் நெறியாளர் ஐசன்ஸ்டீன், பார்த்த மாத்திரத்தில் வர்க்கத்தைப் புலப்படுத்தும் முகங்களைத் தேடித் தொழில்முறை நடிகரல்லாதோரைத் தெரிந்தெடுத்தார். இதனை மாதிரி முகக் கோட்பாடு எனலாம். இத்தாலிய நவயதார்த்தவாதிகள் வேறொரு நோக்குடன் அதே வழியைப் பின்பற்றினர். 1948இல் 'சைக்கிள் திருடர்' படத்துக்கு அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவர் பணம் தர முன்வந்து, நாயகனாகக் கேரி கிராண்ட் நடிக்கவேண்டும் என்றபோது டி சிக்கா அதனை ஏற்கவில்லை. லம்பேர்ட்டோ மஜ்ஜோரானி என்ற ஆலைத் தொழிலாளியே வேலையற்ற தந்தையாக நடித்தார்.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடுண்டு. மாதிரி முகம் என்னும் கோட்பாடு, வர்க்கம் முகத்திலே எழுதப்பட்டுள்ளது என்ற எடுகோளை உடையது. கொழுத்த முகம் முதலாளி, ஒட்டிய கன்னம் தொழிலாளி. நோக்கம் புரட்சிகரமானதாயினும் பார்வை வர்த்தக சினிமாவின் பார்வையே: முகத்தைக் கண்டு மனிதனைத் தீர்ப்பது. டி சிக்கா பயன்படுத்தியது முகத்தை மாத்திரமன்று. அத்தொழிலாளியின் நடையை, கைகளை, மகனோடு தெருவில் நடக்கும்போது அவரிடம் தெரிந்த சோர்வைப் பயன்படுத்தினார். தமிழில் மணிகண்டன் இயக்கி 2022இல் வெளிவந்த 'கடைசி விவசாயி' இவ்வகையில் நினைக்கத்தக்கது. அதில் நாயகனாகத் தோன்றிய முதியவர் நல்லாண்டி தொழில்முறை நடிகரல்லர், உண்மையான விவசாயி. பயிரை நோக்கிக் குனியும் அவரது உடலின் பழக்கம் ஒப்பனையாலோ பயிற்சியாலோ எளிதிற் பெறமுடியாதது. அவர் முகம் விவசாயியின் முகம் போன்றிருந்தது என்பதிலும் பார்க்க அவர் உடல் விவசாயம் அறிந்திருந்தது என்பதே முக்கியம்.

இவ்வேறுபாட்டை நமது மாற்றுச் சினிமா எப்போதும் பேணியது எனக் கூறமுடியாது. 2002ஆம் ஆண்டில் சில வார இடைவெளியில் வெளிவந்த இரண்டு படங்களை ஒப்புநோக்குவோம். தங்கர் பச்சானின் 'அழகி'யில், நகரத்து மருத்துவனின் இளமைக்காலக் காதலியாகிய தனலட்சுமி பின்னர் வறுமையுற்று அவன் வீட்டிலேயே பணிப்பெண்ணாகிறாள். அவளாக நடித்தவர் நந்திதா தாஸ். மனைவியாக நடித்தவர் தேவயானி. மணிரத்தினத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் சென்னை நகரத்து வளர்ப்புத் தாயாகச் சிம்ரனும், போரினால் குழந்தையைப் பிரிந்த இலங்கைத் தமிழ்த் தாயாக நந்திதா தாஸும் நடித்தனர். முன்னது நடுத்தரப் பொருட்செலவில் அமைந்த யதார்த்த முயற்சி. பின்னது பெருமுதலீட்டுப் படம். ஆனால் இரண்டிலும் முகங்களின் பங்கீடு ஒன்றே. வசதியான வீட்டுக்குள் இருப்பவள் வெண்ணிறத்தவள். வாசலில் நிற்பவள் கரியவள். ஒரே நடிகை ஒரே ஆண்டில் வறியவளாகவும் போருக்குட்பட்டவளாகவும் வேண்டப்பட்டார்.

இவ்விரு படங்களின் சிறப்பையும் மறுப்பது நமது நோக்கமன்று. சந்தை அழகி என ஏற்காத ஒருத்தியை 'அழகி' எனத் தலைப்பிலேயே அழைத்தமை துணிவான செயல். சிம்ரனும் தமது வழமையான கவர்ச்சி வேடங்களினின்றும் விலகி அடக்கமாக நடித்தார். எனினும் படித்த உயர்மத்தியதரப் பெண்ணாக நடிக்கவேண்டி வரும்போதெல்லாம் நிறத்தை வெளுப்பாக்குமாறு தம்மிடம் கேட்கப்படுவதுண்டு என நந்திதா தாஸ் பகிரங்கமாகக் கூறியுள்ளதை இங்கு சேர்த்து நோக்குதல் வேண்டும். கரிய முகம் துன்பப்படுவதற்கு அனுமதிக்கப்படுகிறது. அது அலுவலகம் செல்வதற்கும், தவறு செய்வதற்கும், சலிப்புறுவதற்கும், சாதாரணமாக மகிழ்வதற்கும் அனுமதி பெறுவது அரிது. வர்த்தக சினிமா கருமையை இழிவாக்கிற்று. மாற்றுச் சினிமா அதனைப் புனிதமாக்கிற்று. இரண்டிடத்தும் அது வறுமையின் சீருடையாகவே உள்ளது.

இன்னொரு விடயமும் சுட்டப்படவேண்டும். நட்சத்திரத்தின் முகம் அவருக்கு மூலதனம். படத்துக்குப் படம் அது பெருகும். தொழில்முறை நடிகரல்லாதவரின் முகம் ஒரு தடவை எடுக்கப்படும் மூலப்பொருள். 'சைக்கிள் திருடர்' உலகப் புகழ் பெற்றபின் மஜ்ஜோரானி ஆலை வேலையை இழந்தார். நடிகராகவும் நிலைபெற முடியவில்லை. வேலையற்றவனாக நடித்தவர் வேலையற்றவரானார். யதார்த்தத்துக்காக மக்களின் முகங்களை நாடும் கலைஞர், அம்முகங்களுக்கு உரியவர்பால் தமக்குள்ள கடப்பாட்டையும் சிந்தித்தல் வேண்டும்.

5. 'வீடு' காட்டிய வழி

அவ்வாறாயின் பாத்திரத்துக்கேற்ற தோற்றத்தைத் தேடுவதே தவறா என்ற வினா எழலாம். தவறன்று. வயது, உடல், பேச்சு ஆகியன பாத்திரத்தோடு பொருந்தவேண்டும் என்பது யதார்த்தக் கலையின் அடிப்படைத் தேவை. முகம் ஒரு குறித்த மனிதரைக் காட்டுகிறதா, ஒரு வகையை மாத்திரம் காட்டுகிறதா என்பதே உரைகல். இதற்கு விடையாக அமைந்த படம் 'வீடு' (1988).

இதனை இயக்கி ஒளிப்பதிவும் செய்த பாலு மகேந்திரா மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிற் பிறந்தவர். பூனா திரைப்படக் கல்லூரியிற் பயின்றவர். இப்படத்தின் நாயகி சுதா சென்னையில் அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் மத்தியதரப் பெண். தாத்தாவுக்கும் தங்கைக்கும் பொறுப்பானவள். வாடகை வீட்டை விட்டு எழும்பவேண்டி நேர்ந்தமையால் சொந்தமாக ஒரு வீடு கட்ட முனைகிறாள். இப்பாத்திரத்தை ஏற்ற அர்ச்சனா கரிய நிறத்தவர். ஆனால் படத்தில் எவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. கதையும் அதைப் பற்றியதன்று. சீமெந்து, கடன், ஒப்பந்தக்காரனின் மோசடி, அரச அலுவலகத்தின் அலட்சியம் ஆகியனவே பிரச்சினைகள். கட்டட வேலைக்கு வரும் மங்கம்மாவாக 'பசி' சத்யா நடித்தார். இருவரும் கரியவர், ஒரே சட்டகத்துள் நிற்கின்றனர், ஆயினும் எவர் எவ்வர்க்கத்தவர் என்பதில் நமக்கு ஐயம் எழுவதில்லை. பேச்சும், நிற்கும் முறையும், செய்யும் வேலையும், பணத்தைப் பற்றிப் பேசும்போது குரலில் வரும் தயக்கமும் அவர்களை வேறுபடுத்துகின்றன. வர்க்கம் இங்கே தோலில் இல்லை, உறவுகளில் உள்ளது. சுதா ஏமாற்றப்படும்போது அவளுக்காகக் குரல் எழுப்புபவள் மங்கம்மா என்பதும் நினைக்கத்தக்கது. பாத்திரத்துக்கு அர்ச்சனா தேசிய விருது பெற்றார். தாத்தாவாக நடித்த முதிய நாடகக் கலைஞர் சொக்கலிங்க பாகவதரின் முகமும் மறக்கமுடியாதது.

இத்தெரிவுக்கு ஒரு தொழில்நுட்ப அடிப்படையும் உண்டு. ஸ்ரூடியோவின் கடும் ஒளியும் தடித்த ஒப்பனையும் வெண்முகத்தை அளவாகக் கொண்டு வளர்ந்தவை. அவ்வொளியில் கரிய முகம் தன் நுட்பங்களை இழந்துவிடும். பின்னர் அம்முகம் கமராவுக்கு ஏற்றதன்று என்று கூறிவிடுவர். பாலு மகேந்திரா சாளரத்தினூடே வரும் இயற்கை ஒளியைப் பெரிதும் நாடினார். அவ்வொளியில் கருமை பல நிறபேதங்களை உடையதாய்த் தெரிந்தது. எனவே கமராவுக்கு ஏற்ற முகம் என்று கூறப்படுவது பல வேளைகளில் ஒளியமைப்பின் குறையை முகத்தின் மீது சுமத்துவதேயாகும்.

6. நம் முகம்

இந்தியத் தமிழ்ப் படங்களைப் பார்த்தே திரைப்பட ரசனையைப் பெற்ற ஈழத்துப் பார்வையாளருக்கு இப்பிரச்சினை இரட்டைக் கனமுடையது. நம்மவரின் முகமே நமக்குத் திரையில் அந்நியமாயிற்று. 1977இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் 'பொன்மணி'யை உருவாக்கியபோது, நட்சத்திரங்களை நாடாமல் உள்ளூர் நாடக, இலக்கியச் சூழலைச் சார்ந்தோரை நடிக்க வைத்தார். சாதியையும் சீதனத்தையும் பற்றிய அப்படம் வர்த்தக ரீதியில் வெற்றிபெறவில்லை. அதன் அமைதியான நடை ஒரு காரணம் எனலாம். அயல் வீட்டாரைப் போன்ற முகங்களைத் திரையில் காணப் பழகாமையும் ஒரு காரணமாகலாம். சிங்களப் பார்வையாளருக்கு 1956இல் 'ரேகாவ' தொடக்கம் தம் நாட்டுக் கிராமத்தின் முகங்களைத் திரையில் காணும் மரபொன்று மெல்ல வளர்ந்தது. நமக்கு அத்தகைய தொடர்ச்சி வாய்க்கவில்லை.

போரின் பின் இலங்கைத் தமிழர் பற்றிய படங்கள் உலக அரங்குகளில் காட்டப்பட்டன. பிரசன்ன விதானகேயின் 'ஒப நத்துவ ஒப எக்க' (2012) மனச்சாட்சியுடன் எடுக்கப்பட்ட படம். ஒரு முன்னாட் சிங்களப் படைவீரனுக்கும் செல்வி என்ற தமிழ்ப் பெண்ணுக்கும் இடையிலான உறவைக் கூறுவது. செல்வியாக நடித்தவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த அஞ்சலி பாட்டில். அவரது நடிப்பு விருது பெற்றது, தகுதியானதே. ஆயினும் 2002இல் நந்திதா தாஸ், 2012இல் அஞ்சலி பாட்டில் என இலங்கைத் தமிழ்ப் பெண்ணின் துயரத்துக்கு முகம் வெளியிலிருந்தே தேடப்பட்டமை சிந்திக்கத்தக்கது. 2015இல் கான் விழாவின் உயர்விருதைப் பெற்ற பிரெஞ்சுப் படமான 'தீபன்', அல்லைப்பிட்டியிற் பிறந்து முன்னர் இயக்கத்தில் இருந்த எழுத்தாளர் ஷோபாசக்தி என்னும் அந்தோனிதாசனை நாயகனாக்கிற்று. அதிலும் நாயகியாக நடித்தவர் சென்னை நாடகக் கலைஞர் காளீஸ்வரி சீனிவாசன்.

இலங்கைத் தமிழரை இலங்கைத் தமிழரே நடிக்கவேண்டும் என விதி செய்வது கலையைப் பிறப்புச் சான்றிதழுக்குள் அடைப்பதாகும். நந்தனாராகச் சுந்தராம்பாளை ஏற்ற மரபு நம்முடையது. ஆனால் பிறர் நம்மை நடிக்கலாம், நாம் எவரையும் நடிக்கும் வாய்ப்பில்லை என்னும் நிலை சமநிலையன்று. நம் நடிகைகள் வளர்வதற்கு அரங்கும் பயிற்சியும் தொடர்ச்சியான படங்களும் இல்லாதபோது, தகுதியான நடிகை கிடைக்கவில்லை என நெறியாளர் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். அவ்வுண்மையின் பின்னே உள்ள வரலாறே நமது பொறுப்பு.

இன்று பல்கலைக்கழக மாணவர் பலர் குறும்படங்களில் ஈடுபடுகின்றனர். பெருமுதலீட்டின் நிர்ப்பந்தம் அவர்களுக்கு இல்லை. விநியோகஸ்தரின் முற்பணமும் இல்லை. ஆயினும் அத்தகைய முயற்சிகளிலும் காதலிக்கு வெண்முகமும், அகதிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் கரிய முகமும் தாமாகவே வந்து அமைந்துவிடுமாயின், அது சந்தையின் கட்டளையன்று. நாம் கற்றுக்கொண்ட பார்வையின் கட்டளை. மலையகத்துப் பெண்ணை விரிவுரையாளராகவும், கரிய பெண்ணைக் காதலியாகவும், தழும்புள்ள முகத்தானை நகைப்புக்கிடமின்றி நாயகனாகவும் நிறுத்திப் பார்ப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. அவ்வாறு நிறுத்தியபின் அத்தெரிவைப் பற்றிப் படத்தில் ஒரு சொல்லும் பேசாதிருக்கவும் கற்றல் வேண்டும். 'வீடு' அதனைச் செய்தது. இத்துறையில் நமது முயற்சிகள் அங்கிருந்து தொடங்கலாம்.